கூரைகள் இருமிய வருஷம்

பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டேகால் மணிக்கு, கம்பெனி ஓடிய காலத்தில் இரண்டாவது ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதுகிற அதே நேரத்தில், ஷீட்டுக் காலனி பதினேழாம் நம்பர் வீட்டின் கூரை இருமியது. கீழே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த வேதவல்லி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், எழுந்து ஒரு வாய் தண்ணி குடியேன் என்று சொன்னாள்; சொல்லி முடித்த பிறகுதான் தன் புருஷன் கன்னியப்பன் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவள் பயப்படவில்லை. முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அண்ணாந்து, கன்னியப்பனின் இருமல் முடிகிற இடத்தில் எப்போதும் வருகிற அந்தச் சின்ன விசில் சத்தம் வருகிறதா என்று காத்திருந்தாள். வந்தது. பிறகு அரிசியைப் புடைத்து முடித்தாள், ஏனென்றால் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் காலனியின் அறுபத்துநான்கு கூரைகளும் இருமத் தொடங்கிவிட்டன.

சிமெண்டையும் ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நாரையும் தண்ணீர்விட்டுக் குழைத்து அலை அலையான கூரை ஷீட்டு போடுகிற கம்பெனி அது. முப்பத்தைந்து வருஷம் ஓடியது, மூடிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வேலையாட்களுக்கு வீடு கட்டித் தந்தபோது விளிம்பு உடைந்ததும் விரிசல் விட்டதுமாக விற்க முடியாமல் கிடந்த ஷீட்டுகளைக் கம்பெனி சும்மா கொடுத்தது. அவர்களே தோளில் சுமந்து வந்து, அவர்களே மேலே ஏறிக் கொக்கி போல்ட்டு முடுக்கினார்கள். பிறகு அவர்களில் பெரும்பாலோர் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் ஒரே மாதிரி செத்தார்கள். முதலில் படிகள் உயரமாகும், பிறகு தெருக்குழாய் தூரமாகும், பிறகு கட்டிலிலிருந்து வாசல் எட்டாமல் போகும். எல்லோருக்கும் பீடிதான் காரணம் என்று கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்தார், பீடியைக் கையால் தொடாதவர்களுக்கும் அப்படியே எழுதினார்.

ஆகவே கூரைகள் இருமியபோது காலனியில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, யார் என்றுதான் கேட்டார்கள். ஒவ்வொரு ஷீட்டும் அதைக் கம்பெனியில் செய்த ஒருவனின் இருமலை வைத்திருந்தது. ஷீட்டுகள் கலந்து கிடந்ததால் ஒருத்தி வீட்டில் இன்னொருத்தியின் புருஷன் இருமினான். மதியத்தில் பெண்கள் வீடு மாறிப் போய்த் தம் தம் ஆட்களின் கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்கள், பூ கட்டினார்கள், பிள்ளைகள் செய்த அக்கிரமங்களை மேலே பார்த்து முறையிட்டார்கள். வாழ்நாளெல்லாம் பேசாமல் இருந்த இரண்டு பங்காளிகள் ஒரே கூரையில் பக்கத்துப் பக்கத்து ஷீட்டில் இருமியதால் அவர்கள் குடும்பங்கள் சமாதானமாயின. தபால்காரர் இரண்டு மணிக்கு முன்னால் வந்து போகப் பழகிக்கொண்டார். பெண் பார்க்க வந்தவர்களுக்கு மூன்று மணிக்கு மேல் நல்ல நேரம் குறித்துக் கொடுத்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து கேட்டு, வெயிலில் ஷீட்டு விரிவதால் உண்டாகும் ஓசை என்று எழுதிக்கொண்டார். எழுதுகிறபோது அவர் தலைக்கு மேல் யாரோ இருமி, காறி, மூச்சு வாங்கினார்கள். அவர் பேனாவை மூடிவிட்டுப் பாவம் என்றார்.

ஆனால் நாற்பத்தொன்றாம் நம்பர் வீட்டில் தேசம்மாள் மட்டும் நிம்மதியில்லாமல் இருந்தாள். அவள் புருஷன் ஏகாம்பரம் மிக்சிங் செக்‌ஷனில் கல்நார் மூட்டைகளைக் கத்தியால் கிழித்துத் தொட்டியில் கொட்டுகிற வேலை பார்த்தவர், கம்பெனி மூடிய மறு வருஷமே போய்ச் சேர்ந்தவர். அவருடைய இருமல் குட்டையாக மூன்று, நீளமாக ஒன்று. பதினோரு வருஷமாகியும் அவள் காதில் அது தேயவில்லை. அவள் வீட்டுக் கூரையிலோ வேறு யாரோ இருமினார்கள். ஈரத் துணியைக் கிழிப்பதுபோல மெல்லிய, அடங்கின இருமல், வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு இருமுவதுபோல. அது யாருடையது என்று தெரியாமல் தேசம்மாள் வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டி வந்தாள். உயிரோடு மிஞ்சியிருந்த ஐந்து பழைய வேலையாட்களும் வந்து கேட்டார்கள். டைம் கீப்பராக இருந்து எல்லோருடைய இருமலையும் கம்பெனி வாசலில் வைத்தே அடையாளம் சொல்லக்கூடிய துரைக்கண்ணு நெடுநேரம் சுவரில் சாய்ந்து நின்று கேட்டார். அப்புறம், “நம்ம ஆளுங்க யாரும் இல்ல தேசம்மா. பொம்பள இருமல் மாதிரி இருக்குது. நம்ம கம்பெனில பொம்பள ஏது?” என்று சொல்லிவிட்டு, ஏதோ தப்பாகப் பேசிவிட்டவர்போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

தேசம்மாள் புருஷனைத் தேடினாள். அறுபத்துநான்கு வீடுகளிலும் தேடி, ரேஷன் கடையில் தேடி, கடைசியில் சித்திரை மாதம் பால்வாடியில், வேறு நாலு பேருடைய இருமலுக்கு நடுவில் கண்டுபிடித்தாள். குட்டையாக மூன்று, நீளமாக ஒன்று. கீழே இருபத்துமூன்று குழந்தைகள் சாப்பிட்டுவிட்டு வரிசையாகப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பால்வாடி டீச்சர் ரெஜினா, அந்த ஒன்று மட்டும் யாருடையது என்று தெரியாமல் தானும் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்ததாகவும், பிள்ளைகள் அதற்குப் பழகித் தாலாட்டு மாதிரி தூங்கிவிடுகிறார்கள் என்றும் சொன்னாள்.

அதன் பிறகு தேசம்மாள் தினமும் இரண்டு மணிக்குப் பால்வாடிக்கு வந்தாள். மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மகள் தமிழரசிக்கு டவுன் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் வேலை கிடைத்ததையும், மருமகன் நல்லவன் என்பதையும், அவர் நட்ட முருங்கை புயலில் விழுந்ததையும் மெல்லிய குரலில் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் பழைய மினுமினுப்பு வந்தது என்று ரெஜினா எல்லோரிடமும் சொன்னாள். இரண்டு மாதம் அப்படிப் போனது. ஆனி மாதத்தில் ஒரு நாள், கூரை விரிசல் வழியாக வெயில் ஒரு கழிபோல உள்ளே இறங்கியிருந்தபோது, ஏகாம்பரம் இருமினார். ஒவ்வொரு இருமலுக்கும் அந்த வெயிலுக்குள் மாவைவிடப் பொடியான ஏதோ ஒன்று மினுங்கி மினுங்கி இறங்கி, வாயைத் திறந்து தூங்குகிற குழந்தைகளின் உதட்டில் உட்கார்ந்தது. தேசம்மாளுக்கு அந்த மினுக்கம் தெரியும். புருஷன் வேலை முடிந்து வரும்போது அவர் புருவத்தில் அதைப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து அவள் கதை பேசுவதை விட்டுவிட்டு, ஈரத்துணியோடு வந்து, இருபத்துமூன்று முகங்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். துடைத்து முடிக்கும்போது அவர் மறுபடி இருமினார்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை தமிழரசி அம்மாவைப் பார்க்க வந்தாள். சமையல்கட்டில் அம்மா இருமுகிற சத்தம் கேட்டு உள்ளே போனாள். அங்கே யாரும் இல்லை. இருமல் கூரையிலிருந்து வந்தது. அவள் நின்றுகொண்டிருக்கும்போதே கொல்லைப்புறத்தில் குழாயடியிலிருந்து அதே இருமல் கேட்டது, ஈரத்துணி கிழிகிற மாதிரி, வாயைப் பொத்திய மாதிரி. மேலே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டும் ஒரே தாளத்தில் முடிந்தன. தமிழரசி வெளியே போய், இது எத்தனை நாளாக என்று கேட்டாள். ஆறேழு மாதமாக இருக்கும், சளிதான் என்றாள் தேசம்மாள். கூரையில் இருப்பது யார் என்று கண்டுபிடித்துவிட்டதை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போனார்கள்.

எக்ஸ்ரேயையும் ஸ்கேனையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் அம்மாள், வலது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பதாகவும் அதன் உறை தடித்துப்போயிருப்பதாகவும் சொன்னார். சதையை எடுத்துச் சோதித்துப் பத்து நாளில் புற்று என்று முடிவு வந்தது. எந்தக் கம்பெனியில் எத்தனை வருஷம் வேலை செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

“நான் எங்கயும் வேலைக்குப் போனதில்லம்மா.”

“உங்க வீட்டுக்காரர்?”

“அவரு ஷீட்டுக் கம்பெனி. மிக்சிங்.”

“அவர் துணிய யார் துவைப்பாங்க?”

“நான்தான். காக்கித் துணிம்மா, தூசி அப்பிக்கிட்டு வரும். அப்படியே ஊற வச்சா தண்ணியெல்லாம் கஞ்சி மாதிரி ஆயிடும். அதனால முதல்ல கொல்லையில நின்னு நல்லா உதறிடுவேன்.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். எத்தனை வருஷம் உதறினீர்கள் என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷம் என்றாள் தேசம்மாள், கொஞ்சம் பெருமையாகவே, ஏனென்றால் ஏகாம்பரம் ஒரு நாள்கூட அழுக்குத் துணியோடு வேலைக்குப் போனதில்லை.

அந்தத் தூசி ஊசிபோல, கண்ணுக்குத் தெரியாத ஊசிபோல உள்ளே போய்த் தைத்துக்கொண்டால் அது வெளியே வராது என்றும், இருபது, முப்பது வருஷம் சும்மா இருந்துவிட்டு எழும் என்றும் டாக்டர் விளக்கினார். மூன்று வாரத்துக்கு ஒரு தரம் மருந்து ஏற்றலாம். ஏற்றினால் சில மாதங்கள் தள்ளிப்போகும், குணமாகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். தமிழரசி அழுதாள். தேசம்மாள் வேறொன்றைக் கேட்டாள்: மூன்று வயசுப் பிள்ளை இன்றைக்கு அதை மூச்சில் இழுத்தால் எத்தனை வயசில் எழும்? டாக்டர் கணக்குச் சொல்லவில்லை. அந்தக் கூரைகளை யாரும் தட்டவோ உடைக்கவோ கூடாது, அதற்கென்று பழகின ஆட்கள் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லி, ஒரு போன் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

அப்படித்தான் செல்வின் என்கிறவர் சென்னையிலிருந்து வந்தார். வண்டியைக் காலனிக்கு வெளியிலேயே நிறுத்தி, முகத்தில் இரண்டு பக்கமும் டப்பா வைத்த கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தார். எங்கள் வீட்டு வாசனை அவ்வளவு கேவலமா என்று பெண்கள் முறைத்தார்கள். அவர் ஏணி வைத்து, ஷீட்டின் ஓரத்தில் தண்ணீர் அடித்து, நகம் அளவு சில்லு எடுத்து உறையில் போட்டு ஒட்டினார். மதியம் இருமல் கேட்டதும் கவசத்துக்குள்ளேயே கண்ணை மூடி நின்றார். பல ஊர்களில் கூரை எடுத்திருக்கிறேன், அதனால்தான் இந்தக் கவசம் என்று பிறகு சொன்னார். வேப்பமரத்தடியில் காலனி கூடியபோது எப்படி எடுப்பது என்பதை அவர் பொறுமையாகச் சொன்னார். ஷீட்டு முழுக்க நனைக்க வேண்டும், அறுக்காமல் போல்ட்டை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், உடையாமல் இறக்கித் தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று சுற்ற வேண்டும், ஆட்களின் உடைகளைக்கூட அன்றே மூட்டை கட்ட வேண்டும், அரசு அனுமதித்த குழியில் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும். பிறகு விலையைச் சொன்னார். ஒரு வீட்டுக்கு ஒன்றரை லட்சம். பால்வாடி பெரிய கட்டடம், அதற்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். புதுக் கூரை தனி.

அங்கேயே விரல்விட்டுக் கணக்குப் போட்டார்கள். கூரை இல்லாமல் அந்த வீட்டை விற்றாலும் அவ்வளவு தேறாது, கூரையோடு விற்றாலும் தேறாது. கம்பெனியிடம் கேட்கலாம் என்று தேடிப் போனவர்கள், அந்த விலாசத்தில் இப்போது கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறார்கள் என்று சொல்லித் திரும்பி வந்தார்கள். மனு கொடுத்த இடத்தில் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் உட்கார்ந்திருந்த அறைக்கு மேலேயும் அதே ஷீட்டுதான் போட்டிருந்தது, அது இன்னும் இருமத் தொடங்கவில்லை, அவ்வளவுதான்.

கன்னியப்பனின் மகன் லோகநாதனுக்குப் பொறுக்கவில்லை. அப்பா செத்ததை ஒரு தரம் கேட்டது போதும் என்று கத்திவிட்டு, ஆவணி மாதத்து ஒரு மதியத்தில் கடப்பாரையோடு தன் வீட்டுக் கூரைமேல் ஏறினான். வேதவல்லி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். முதல் அடியில் ஷீட்டு ஏழாக உடைந்தது. இருமல் நிற்கவில்லை, ஏழு துண்டும் ஏழாக இருமின. கோபத்தில் அவன் துண்டுகளை நொறுக்க நொறுக்க, நூறாகவும் ஆயிரமாகவும், கடுகளவு இருமல்களாக அது சிதறியது. வெள்ளைத் தூசி மூன்று நாள் தெருவில் நின்றது. கொடியில் காய்ந்த புடவைகள் இருமின, தோசை மாவு இருமியது, ஒரு வாரம் வரைக்கும் தண்ணீர்க் குடத்தைக் காதில் வைத்தால் அடியில் கன்னியப்பன் திணறிக்கொண்டிருந்தார். லோகநாதன் கடப்பாரையை ஏரியில் எறிந்துவிட்டு வந்து, அம்மா காலடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு யாரும் சுத்தியலைக்கூட வெளியே எடுக்கவில்லை.

கம்பெனி மூடும்போது கொடுத்த தொகையை ஏகாம்பரம் தொடாமல் பேங்கில் போட்டு வைத்திருந்தார். வட்டியோடு அது இரண்டு லட்சத்து நாற்பதாயிரமாக வளர்ந்திருந்தது. தமிழரசி அதை அம்மாவின் மருந்துக்கு என்று முடிவு செய்து, ஆஸ்பத்திரியில் படுக்கையும் சொல்லி வைத்துவிட்டாள். புரட்டாசி முதல் சனிக்கிழமை அவள் அழைத்துப்போக வந்தபோது தேசம்மாள் பை எதையும் எடுத்து வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். செல்வினுக்குப் போன் போட்டுப் பால்வாடிக் கூரையை எடுக்கச் சொல்லிவிட்டதாகவும், முன்பணம் காலையிலேயே கட்டிவிட்டதாகவும் சொன்னாள்.

தமிழரசி அவள் எதிரே உட்கார்ந்தாள். ஊரார் பிள்ளைகளுக்காக உன் உயிரைக் கொடுக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டாள். ஒரு கூரையை எடுத்து என்ன ஆகப்போகிறது, சாயங்காலம் அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குத்தானே போகும், அங்கேயும் இதே கூரைதானே என்று கேட்டாள். கேட்டதெல்லாம் நியாயம் என்பதால் தேசம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள்.

“போகும்டி. ஆனா பகல்ல ஆறு மணி நேரம் அதுங்க அங்க படுத்திருக்குது. மேல பாத்து, வாயத் தொறந்துகிட்டு.”

“அது அப்பாம்மா. பதினோரு வருஷம் கழிச்சுக் கெடச்ச அப்பா. பிளாஸ்டிக்ல சுத்திக் குழியில போடச் சொல்றியா?”

தேசம்மாள் அண்ணாந்து பார்த்தாள். கூரை அவளுடைய இருமலை இருமி முடிக்கிறவரைக்கும் காத்திருந்தாள்.

“உங்கப்பாவுக்குத் தெரியாது அரசி. அவரு துணியில எதக் கொண்டாந்தாருன்னு அவருக்கும் தெரியாது, எத உதறுனேன்னு எனக்கும் தெரியாது. இப்ப எனக்குத் தெரியுது. தெரிஞ்சுகிட்டு அவர அங்க இரும விட்டா, அந்தப் பாவம் அவருக்கில்ல, எனக்கு.”

தமிழரசி ஒரு மாதம் அம்மாவோடு பேசவில்லை. ஆனால் லீவு போட்டுவிட்டு வந்து கூடவே இருந்தாள், சமைத்துப் போட்டாள், முதுகைத் தடவிவிட்டாள். எல்லாவற்றையும் வாயைத் திறக்காமல் செய்தாள்.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு காலையில் செல்வினின் ஆட்கள் ஆறு பேர் தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு வந்தார்கள். நாற்பதடிக்கு அப்பால் கயிறு கட்டி, அதைத் தாண்டி யாரும் வரக்கூடாது என்றார்கள். காலனி முழுக்கக் கயிற்றுக்குப் பின்னால் நின்றது. பால்வாடிக்கு மேலே ஏகாம்பரத்தின் ஷீட்டுகள் மட்டுமில்லை, இன்னும் நாலு பேருடையதும் இருந்தன. அவர்களுடைய பெண்சாதிகளிடம் தேசம்மாள் முந்தின வாரமே தனித்தனியாகப் போய் அனுமதி கேட்டிருந்தாள். மூன்று பேர் சரி என்றார்கள், ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டாள், ஆனாலும் அன்றைக்கு அவளும் வந்து நின்றாள். குளிப்பாட்டுகிற மாதிரி ஷீட்டுகளை நனைத்தார்கள். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். ஒவ்வொரு ஷீட்டையும் இரண்டு பேர் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பிடித்து இறக்கி, பிளாஸ்டிக்கில் கிடத்திச் சுற்றினார்கள். குடம் உடைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். வேதவல்லி ஒரு தாம்பாளத்தில் பூ கொண்டுவந்திருந்தாள், கயிற்றைத் தாண்டி எறியக் கூடாது என்றதும் கயிற்றிலேயே அதைக் கட்டினாள்.

இரண்டேகாலுக்கு லாரி புறப்படுகிற சமயம், கட்டி வைத்த பொட்டலங்கள் இருமின. உள்ளேயிருந்து பிளாஸ்டிக்கில் ஆவி படிந்தது, மூச்சு விடுகிற இடத்தில் கண்ணாடியில் படிவதுபோல. குட்டையாக மூன்று. நீளமான அந்த ஒன்றுக்காகத் தேசம்மாள் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் லாரி திருப்பத்தைக் கடந்துவிட்டது. தமிழரசி அவள் தோளைப் பிடித்து, ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, “வாம்மா, உக்காரு” என்றாள்.

தேசம்மாள் மாசி மாதம் இறந்தாள். கடைசி இரண்டு வாரம் படுக்க முடியாமல் தலையணை அடுக்கிச் சாய்ந்தபடியே இருந்தாள். அப்போது கீழேயும் மேலேயும் இருமல் ஒன்றுபோலவே இருந்ததால், எது நின்றது எது நிற்கவில்லை என்பது தமிழரசிக்கு உடனே தெரியவில்லை. கையைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் பால்வாடிக் குழந்தைகளுக்குப் பாயசம் எடுத்துக்கொண்டு போனாள். பஞ்சாயத்து போட்டுக் கொடுத்த தகரக் கூரைக்கு அடியில் அனலாக இருந்தது. மதியம் காலனியின் கூரைகள் சுற்றிலும் இருமி ஓய்ந்தன. பால்வாடிக்கு மேலே மட்டும் சத்தமில்லை. அந்த அமைதியில் வரிசையாகத் தூங்கிய குழந்தைகளுக்கு நடுவில், மூன்று வயது அபிநயா என்கிற பெண் குழந்தை இருமியது. ரெஜினாவின் கை பாயச வாளிமேல் நின்றது. டம்ளர்களில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த தமிழரசி கரண்டியைத் தூக்கியபடியே நின்றாள். குழந்தையின் அம்மா, கூட்டிப்போக வந்தவள், வாசலில் ஒரு செருப்பை மட்டும் கழற்றிவிட்டு அப்படியே நின்றாள். குழந்தை மறுபடி இருமியது. அந்த ஊரில் எல்லா இருமலையும் அறிந்த மூன்று பெண்கள், இது யாருடைய இருமல் என்று தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். நேற்றைக்குக் குழாயடியில் தண்ணியில் ஆடினாள், சளிதான் என்று அம்மா மெல்லச் சொன்னாள். ஆமாம், சளிதான் என்றாள் ரெஜினா. சொல்லிவிட்டும் ஒருவரும் அசையவில்லை.